கொல்லையில் ஒரு நாற்றுப்பண்ணை

தோட்டத்து வீட்டுக் கொல்லையில் ரம்புத்தான் வைக்காத குடும்பம் அரிது. தின்று துப்பிய கொட்டை முளைத்து, மரமாகி, 5, 6 ஆண்டுகள் கழித்துக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. கண்ணேறு பட்டுவிட்டது என்று மரத்தில் பழஞ்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவோரும் உண்டு. செருப்பு என்ன செய்யும்? கொட்டையிலிருந்து வரும் ரம்புத்தானில் ஏறத்தாழப் பாதி ஆண்மரம். பூக்கும்வரை அது ஆணா பெண்ணா என்று பார்வையால் சொல்ல முடியாது.

கன்று விற்று நாலு காசு பார்க்க நினைக்கும் தாய்மார்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். பசார் மாலாமில் கன்று வாங்குகிறவர் நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்குகிறார். அது பொய்த்தது தெரிய ஆண்டுக் கணக்காகும். ஆகவே ரம்புத்தானை ஒட்டுக்கட்டித்தான் விற்க வேண்டும்.

ஒட்டு நமக்குப் புதிதா என்ன? பால்மர நாற்றங்காலில் குனிந்து ஒட்டுக்கட்டிய பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அதே கத்தி, அதே பிளாஸ்டிக் நாடா. கொட்டையை இரண்டொரு நாளிலேயே விதைத்துவிட வேண்டும், காய்ந்தால் முளைக்காது. கன்று பென்சில் பருமன் ஆனதும், நன்றாகக் காய்க்கும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு எடுத்து, கன்றின் பட்டைக்குள் பொருத்திக் கட்டுங்கள். 3 வாரம் கழித்து அவிழ்த்தால் கண் பச்சையாக இருக்க வேண்டும். பிறகு கன்றின் தலையை வெட்டிவிடலாம். இப்படிக் கட்டியது 3, 4 ஆண்டுகளில் காய்க்கும். விவசாய இலாகா பதிவு செய்த இனங்களுக்கு எண் உண்டு. ஆர் 191 என்பதன் பெயர் 'அனாக் செக்கோலா', அதாவது பள்ளிப்பிள்ளை! தாய்மரம் அந்த இனந்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள்.

மங்குஸ்தீன் வேறு ரகம். மகரந்தம் சேராமலே விதை உண்டாவதால் கொட்டைக் கன்று தாயைப் போலவே இருக்கும்; ஒட்டே வேண்டாம். ஆனால் காய்க்க 8, 10 ஆண்டுகள் ஆகலாம். வாங்குபவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். எலுமிச்சை, கொய்யாவுக்கு விண்பதியம் எளிது. கிளையில் ஓர் அங்குலப் பட்டையை வளையமாக நீக்கி, வழவழப்பைச் சுரண்டி, ஈரத் தேங்காய் நார் வைத்துக் கட்டினால் இரண்டு மாதத்தில் வேர் விடும்.

பழக்கன்று காத்திருக்க வைக்கும். அதுவரை கைச்செலவுக்குப் பூச்செடிதான். செம்பருத்தியும் காகிதப்பூவும் குச்சி நட்டாலே வரும். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்து வெயிலில் வைத்தால் இலை குறைந்து பூ மிகும். சந்தைக்குச் சில வாரம் முன்பு அப்படிச் செய்யுங்கள். துளசி, மல்லிகை, கறிவேப்பிலை நம்மவர் எப்போதும் கேட்பவை. மேல்மண் 3, மக்கிய எரு 2, மணல் 1 என்ற கலவை எல்லாவற்றுக்கும் ஆகும்.

ஆனால் விற்கும் செடி எதையும் தரையில் நடாதீர்கள். தோட்டங்கள் கைமாறியபோது காய்க்கும் மரங்களை அப்படியே விட்டுவிட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பூச்செடி வளர்த்து விற்றே பிழைத்தார்கள். அங்குள்ள செடிக்கடைகள் இன்றும் பெயர் பெற்றவை. அந்தக் குடியிருப்பிலும் ஒரு பகுதி 2007இல் இடிக்கப்பட்டது. கறுப்புப் பையில் நிற்கும் கன்று என்றால் லாரியில் ஏற்றிவிடலாம்.

பைகளுக்கிடையே கிடக்கும் டின்னிலும் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசு பெருகும், அபராதமும் வரும். இன்னொன்று: பையின் அடித்துளை வழியே வேர் தரைக்குள் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றி வையுங்கள்.