இறந்தவர் விட்டுச் சென்ற வீட்டை விற்கும் முறை

நம் கிராமத் தெருக்களில் நடந்து செல்லும்போது, பூட்டிய கதவும் சரிந்த ஓடுமாக நிற்கும் வீடு ஒன்றேனும் கண்ணில் படாமல் போவதில்லை. அக்கம்பக்கத்தாரை விசாரித்தால், "வீட்டுக்கு உடையவர் காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்குள் இன்னும் ஒத்து வரவில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. வாங்குவதற்கு ஆள் உண்டு. விற்பதற்கு மனமும் உண்டு. ஆயினும் பத்திரம் மட்டும் முடிவதில்லை. வேறு சில குடும்பங்களிலோ பத்திரம் மிக விரைவில் முடிந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, கையெழுத்திடாத ஒரு வாரிசு நீதிமன்றம் ஏறுகிறார். அப்போது விற்றவர் கையில் பணமும் இல்லை. வாங்கியவருக்கு நிம்மதியும் இல்லை. இவ்விரு கேடுகளும் நேராமல் இருக்க, விற்பனைக்கு முன் செய்ய வேண்டுவன யாவை என்பதை இங்கே ஆராய்வோம்.

உரிமை யாருக்கு உண்டு?

முதற்கண் அறிய வேண்டுவது, இறந்தவர் உயில் எழுதி வைத்தாரா என்பதாகும். உயில் என்பது எழுதியவர் கையொப்பமும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் உடையதாக இருத்தல் வேண்டும். அதைப் பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும் பதிவு செய்த உயில் பிற்காலத்துப் பிணக்கைக் குறைக்கும். ஒருவர் தமக்குரிய சொத்தை மட்டுமே உயிலால் எழுதி வைக்க முடியும். கூட்டுச் சொத்தில் பிறருக்குரிய பங்கை எழுதி வைக்க இயலாது.

உயில் இல்லையேல், அவரவர்க்குரிய வாரிசுரிமைச் சட்டம் வழிகாட்டும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கிறித்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு எஞ்சிய இரண்டு பங்கும் சேரும். முஸ்லிம்களுக்கு அவர்தம் சமயச் சட்டப்படி பங்கு பிரியும். மக்கள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும், மகன் பெறுவதில் பாதி மகளுக்கும் உண்டு.

ஓர் உதாரணம் கொள்வோம். இந்துக் குடியானவர் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஓட்டு வீடு ஒன்று கட்டி, உயில் எழுதாமல் காலமானார். அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நால்வர் இருக்கின்றனர். நால்வருக்கும் சரிசமமாக நான்கில் ஒரு பங்கு உண்டு. வீடு 12 லட்சம் ரூபாய்க்கு விலை போனால் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் சேர வேண்டும். இறந்தவருடைய தாயாரும் உயிருடன் இருந்தால், அவரும் ஒரு வாரிசே. அப்போது பங்கு ஐந்தாகும். மகள் தந்தைக்கு முன்பே இறந்திருப்பின், அவள் பெற்ற மக்கள் அவளுடைய பங்கைப் பெறுவர். பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் கணக்கில் கொள்ளாமல் விடுவதே நம் கிராமங்களில் காணும் பெரும்பிழை.

பெண் மக்களின் பங்கு

"கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு வீட்டில் ஏது பங்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உளர். தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-லேயே சட்டமாகிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் பெண் வாரிசு பிரிவினை கோர முடியாது என்று தடுத்து வைத்திருந்தது. பங்கு ஏட்டில் இருந்தது, கைக்கு வரவில்லை. 2005-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவை அடியோடு நீக்கியது.

பூர்வீகக் கூட்டுச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 1989-லேயே மணமாகாத பெண்களுக்குப் பிறப்புரிமை வழங்கி முன்னோடியாக நின்றது. 2005-ஆம் ஆண்டின் திருத்தம் மணமான பெண்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. எனினும் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகள் இத்திருத்தத்தால் கலைவதில்லை.

திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தது உண்மையாக இருக்கலாம். அதனால் சட்டப்படி உள்ள பங்கு அழிந்துவிடாது. சகோதரி தானே மனமுவந்து விட்டுக் கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால் பொங்கலுக்கு வந்த பெண்ணிடம், என்ன தாள் என்று சொல்லாமல் கையெழுத்து வாங்குவது பெருந்தன்மையைப் பெறுவதாகாது. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும். பிறந்த வீட்டு உறவோ அதற்கு முன்பே போய்விடும்.

சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

முதலாவது, இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது முறை. ஓராண்டு கடந்துவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவு பெற்றே பதிய முடியும். ஆகவே துக்கத்தின் நடுவிலும் இதைத் தள்ளிப் போடலாகாது.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் இதனை வழங்குகிறார். இச்சான்று வாரிசுகள் யார் என்பதைக் காட்டுமேயன்றி, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிப்பதன்று. ஒரு வாரிசின் பெயரை மறைத்துச் சான்று பெற்றாலும் அவருடைய உரிமை மறைந்துவிடாது.

மூன்றாவது, வீட்டின் மூலப் பத்திரமும், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்களும். கிராம நத்தத்தில் உள்ள பல பழைய வீடுகளுக்குப் பத்திரமே இராது. அவற்றுக்கு நத்தம் பட்டாவும், நீண்ட கால அனுபவத்தைக் காட்டும் பதிவுகளும் துணை நிற்கும். சர்க்கார் ஒப்படை செய்த வீட்டுமனையாயின், ஒப்படை நிபந்தனைகளை முதலில் படிக்க வேண்டும். அவற்றை மீறிய விற்பனை நிலைக்காமல் போகலாம்.

நான்காவது, வில்லங்கச் சான்று. சென்ற 30 ஆண்டுகளுக்கேனும் இதனைப் பெற்றுப் பார்த்தால், பதிவான அடமானமும் விற்பனையும் தெரியவரும். பதிவாகாத கடன்களை இது காட்டாது. ஆதலால் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் இறந்தவர் பெயரில் பாக்கி உண்டா என்று தனியே கேட்டறிய வேண்டும். அவர் பட்ட கடனுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். பஞ்சாயத்தில் செலுத்தும் வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. மூத்த மகன் இருபது ஆண்டுகள் தம் பெயரில் வரி கட்டினார் என்பதாலேயே வீடு முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிடாது.

கையெழுத்தும் பதிவும்

ஆவணங்கள் சேர்ந்தபின் இரு வழிகள் உண்டு. வாரிசுகள் அனைவரும் ஒன்றாகச் சேர்ந்து வாங்குபவருக்குக் கிரையப் பத்திரம் எழுதித் தரலாம். அல்லது, மற்றவர்கள் தங்கள் பங்குக்குரிய தொகையைப் பெற்றுக்கொண்டு ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தர, அவர் பின்னர் விற்கலாம். எவ்வழியாயினும் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் எழுதிக் கொண்ட "பங்கு வேண்டாம்" என்ற கடிதத்தை நம்பி வீடு வாங்கலாகாது.

ஒரு வாரிசு தம் பங்கை மட்டும் விற்க விரும்பினால், அதை வாங்கிக்கொள்ள உடன் வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், குடும்பத்தாருடன் கூடிக் குடியேறவும் உரிமை பெறார். பங்கு மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், உண்மையில் வழக்கையே விலைக்கு வாங்குகிறார்.

வாரிசுகளுள் 18 வயது நிரம்பாதவர் இருப்பின், அவர் பங்கைத் தாயோ தந்தையோ தம் விருப்பப்படி விற்க இயலாது. நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், அக்குழந்தை மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை செய்யும் வாரிசு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்த அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு வருமான வரி உண்டு. இறந்தவர் வீட்டைப் பெறச் செலவிட்ட தொகையே அடக்க விலையாகக் கொள்ளப்படும் என்பதால், பழைய பத்திரத்தையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துவது நலம்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பங்கு பிரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. இறப்பு நேர்ந்த வீட்டாருக்கு உரிய காலத்தில் பதிவை நினைவூட்டலாம். விசாரணைக்கு வரும் அலுவலரிடம், வெளியூரில் வாழும் பெண்களின் பெயரும் விடுபடாமல் சொல்லலாம். குடும்பம் ஏழ்மையானதாயின், வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடும்படி வழிகாட்டலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

ஒரு வீட்டைக் கட்டியவர் அதன் நிழலில் தம் மக்கள் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்றே எண்ணியிருப்பார். அதை விற்க நேரிடும்போது, உரியவர் அனைவரும் உடனிருந்து, கணக்கைப் பார்த்து, தம் பங்கைத் தம் கையால் பெற்றுக்கொண்டு கையெழுத்திடட்டும். வீடு கைமாறினாலும், அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கும் உறவு அப்போது கைமாறாமல் நிற்கும்.