தலைச்சன் பிள்ளையும் தலையீத்துப் பசுவும்

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடும். சின்ன வயதில் நாமெல்லாம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்திருக்கிறோம். விலை பேசும் முதலாளி ஒரு பக்கம் நிற்பார். கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடக்கவிட்டு, ஓடவிட்டுக் காட்டுபவர் வேறொருவராக இருப்பார். குதிரை நாள் முழுக்கக் கட்டிய இடத்திலேயே நின்றால் கால் வீங்கும், வயிறு கட்டிக்கொள்ளும். அதனால் தினமும் அதை நடத்திக் கொண்டுபோவதற்கென்றே அந்த ஆளுக்குச் சம்பளம். முதலாளி வீட்டில் கல்யாணமோ, சாவோ, பிள்ளைப்பேறோ எது வந்தாலும் குதிரையின் நடை தவறாது.

கயிற்றைப் பிடிக்கும் அந்த வேலை நமக்குப் புதிதல்ல. வெள்ளையர் காலத்துச் சென்னை மாகாணத்தில் துரைமார் வீட்டு லாயங்களில் குதிரைக்குக் கொள்ளு வைத்து, தேய்த்துக் கழுவி, காலையும் மாலையும் நடத்திக் கொண்டுபோனவர்களில் சேரியிலிருந்து போனவர்கள் ஏராளம். அடுத்தவர் வீட்டுப் பிராணிக்கு நம்பகமான ஆட்கள் என்று பெயரெடுத்த மக்கள் நாம். ஆனால் இன்று நம் தெருவில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், அவளுடைய பசுவை நாலைந்து மாதம் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆள் கிடைப்பதில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வயிற்றைப் பார்த்த தரகர்

எங்கள் தெருவில் ஓர் அக்கா. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கித் தலையீத்துப் பசு ஒன்றை ஓட்டி வந்தார். கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் ஒருமுறை வருவார். பால் காசில் தவணை போக வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் நின்றது. அடுத்த வருடமே அக்கா உண்டானார். தலைச்சன் பிள்ளை.

கறவையில் இருக்கும் ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். 5, 6 கிலோ வைக்கோல் வேண்டும். 50 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். தெருக்குழாயிலிருந்து குறைந்தது நாலு குடம் தூக்க வேண்டும். புல் கட்டைத் தலையில் வைத்து ஏரிக்கரையிலிருந்து நடந்து வர வேண்டும். கட்டியே போட்டால் குளம்பு வளர்ந்து மாடு நொண்டும். பருவத்துக்கு வந்ததும் கண்ணில் படாது. 21 நாளுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு நாளைத் தவறவிட்டால், அடுத்த ஈத்தும் அதற்குண்டான பாலும் அவ்வளவு தள்ளிப் போகும்.

ஆறாம் மாதம் வரை அக்கா தானே இழுத்துப் போட்டுச் செய்தார். ஏழாம் மாதம் மாடு முட்டித் தள்ளியதில் பயந்து ஆள் தேடினார். மாமியாருக்கு மூட்டு வலி. சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு வாரம் வந்தான், பிறகு செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் எட்டாவது படிக்கும் நாத்தனார் மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். புது ஆள் மடியில் கை வைத்ததும் மாடு பாலை அடக்கிக்கொண்டது. பால் பாதியாகக் குறைந்தது, தவணை நின்றது.

எட்டாம் மாதம் மாட்டை விற்றார்கள். தரகர் மாட்டின் பல்லைப் பார்க்கும் முன்பே அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டார். அதற்குத் தகுந்த விலைதான் சொன்னார். மாடு போய்விட்டது, கடனில் பாதி நின்றுவிட்டது. பொண்ணு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகச் சம்மதித்தது மட்டும்தான் ஆறுதல்.

ஏன் ஆள் கிடைப்பதில்லை?

ஊரில் ஒரு வீட்டம்மா உண்டானால், சாணி வாரவும் தீனி வைக்கவும் காலனியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். காலனிப் பெண் உண்டானால் ஊரிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஒத்தாசை காலங்காலமாக ஒரே திசையில்தான் நடக்கிறது. காலனிக்குள்ளேயே பார்க்கலாம் என்றால், கை வலுவுள்ளவர்கள் பெங்களூரிலும் திருப்பூரிலும் சூளையிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்தப் பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் யார் கையிலோ இருக்கிறது. நமக்கென்று ஒரு வரப்பு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலு பாத்தி தீவனப்புல் போட்டுக்கொள்வாள். அது இல்லாததால் ஏரிக்கரைக்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் போக வேண்டியிருக்கிறது. அங்கே மாட்டை ஓட்டிப் போகிறவருக்குப் புல் அறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஏச்சுப் பேச்சு வந்தால் நின்று பதில் சொல்லவும் தெரிய வேண்டும். அந்த வேலைக்குத்தான் எட்டாவது படிக்கும் பிள்ளையை அனுப்புகிறோம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ளது. பொதுச் சொத்துகளையும் நீர்நிலைகளையும் மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியலினத்தவரைத் தடுப்பது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் சொந்தக் குதிரை வைத்திருந்த 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததற்காகவே கொன்றார்கள் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். அடுத்தவர் குதிரையைப் பிடித்து நடத்தும்போது வராத கோபம், நம் சொந்தக் கயிற்றைப் பிடித்து நடக்கும்போது வருகிறது.

உடம்பையும் பார்க்க வேண்டும்

உண்டாகியிருக்கும் பெண் மாட்டுக் கொட்டகையில் கவனமாக இருக்க வேண்டியது முட்டுக்கும் உதைக்கும் பாரத்துக்கும் மட்டும் அல்ல. புருசெல்லா என்ற கிருமியால் மாடும் ஆடும் கன்று வீசும், குட்டி வீசும். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அந்தத் திரவம் ஆகியவற்றை வெறுங்கையால் தொட்டாலும், காய்ச்சாத பாலைக் குடித்தாலும் அது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, களைப்பு என்று வாட்டும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவுகூட ஆகலாம். மாடு ஈனும்போதும், கன்று வீசும்போதும் வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் போகவே கூடாது. வேறொருவர் கையுறை போட்டுச் செய்து, கழிவை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். 4 முதல் 8 மாதத்துக் கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை போடும் தடுப்பூசி, 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவசம். ஊருக்கு வரும் ஊசி காலனிக்கும் வந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அரசின் கணக்கில் விட்டுப்போனது

மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017 திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது. ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைப்பவருக்கு எந்த முதலாளி விடுப்பு கொடுப்பார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் பெறுமான ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைக்கின்றன. தாயின் சத்துக்கும் இழந்த கூலிக்கும் என்று வரும் அந்தப் பணத்தை மாட்டுக்கு ஆள் வைக்கச் செலவழித்தால் தாயின் தட்டில் என்ன விழும்?

2011இல் ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடும் ஆடுகளும் கொடுக்கத் தொடங்கினார்கள். பெண் பெயரில் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெண் கர்ப்பமானால் மாட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு மாடு தரும் திட்டத்திலும் விடை இல்லை, மகப்பேற்றுத் திட்டத்திலும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

ஏழாம் மாதம் வரை காத்திருக்காமல் நாலாம் மாதமே குழுக் கூட்டத்தில் பேச்சை எடுக்க வேண்டும். முன்பு ஊர் மாடுகளை முறை வைத்து மேய்த்ததுபோல, ஐந்து வீடு சேர்ந்து ஆளுக்கொரு நாள் என்று முறை போடலாம். இன்று உதவி வாங்குகிறவர் நாளை இன்னொருத்திக்கு அந்த நாளைத் திருப்பிச் செய்வார்.

ஒருவரிடமே விடுவதானால் வாரப் பேச்சைக் குழுவின் முன்னால் பேசி நோட்டில் எழுத வேண்டும். பால் யாருக்கு எத்தனை லிட்டர், தீவனம் யார் செலவு, மாட்டுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது, பிள்ளை பிறந்து எத்தனையாவது மாதம் மாடு திரும்பி வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விட்ட இடத்தில்தான் சண்டை வருகிறது. வருகிறவர் முதல் ஒரு வாரம் உரிமைக்காரியோடு கூடவே இருந்து மாட்டோடு பழக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் பெயரை முறையில் சேர்க்கக் கூடாது. மாட்டுக்கு நோய் என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

கிராம சபையில் கேட்க இரண்டு உண்டு. வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் ஒன்று. மாடு வைத்திருக்கும் கர்ப்பிணிக்குப் பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதமும் பிறகு மூன்று மாதமும் உதவியாளருக்கான கூலி இன்னொன்று. இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அக்காவின் பையன் இப்போது தவழ்கிறான். கட்டுத்தறி காலியாக இருக்கிறது, தவணை இன்னும் முடியவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, மாடு வைத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு இது ஐந்தாம் மாதம். போன வாரம் குழு நோட்டில் முறை எழுதினார்கள். திங்கட்கிழமைக்கு முதல் பெயராக அக்கா தன் பெயரைக் கொடுத்திருக்கிறார்.