தேசிக்காய்ப்புளி மீனை என்ன செய்கிறது?

உப்புவெளியில் சூரை வாங்கிவந்த வீட்டில் கத்திக்கு அடுத்ததாகத் தேடப்படுவது தேசிக்காய். அரைக் கிலோ துண்டுகளுக்கு ஒரு தேசிக்காய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள். பிரட்டி வைத்தால் வெடுக்கு போய்விடும்.

எப்படிப் போகிறது? மீன் செத்தபின் அதன் தசையில் உள்ள ஒரு பொருளைப் பாக்டீரியாக்கள் ட்ரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. வெடுக்கில் பெரும்பங்கு அதனுடையது. தேசிக்காயின் சிட்ரிக் அமிலம் பட்டதும் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடுவதால் மூக்குக்கு எட்டுவதில்லை.

அதே அமிலம் புரதங்களின் மடிப்பையும் குலைக்கிறது. கண்ணாடிபோல் இருந்த சதை வெளுத்து இறுகுவது அதனால்தான். பெருநாட்டின் செவிச்சே இந்த மாற்றத்தையே நம்பிய உணவு. 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஆனால் வெந்ததுபோல் தெரிவதும் வேவதும் ஒன்றல்ல. புளியில் ஊறினாலும் அனிசாக்கிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்கள் பிழைத்திருக்கும். பொரித்துச் சாப்பிடும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

மீனுக்குக் கால்மணி நேரம் போதும். மீனின் தசைநார் குட்டை, இணைப்புத் திசுவும் குறைவு. மணிக்கணக்கில் விட்டால் மேற்பரப்பு மாவாகிவிடும். ஆட்டிறைச்சியின் கதை வேறு. எவ்வளவு நேரம் ஊறினாலும் புளி சில மில்லிமீற்றருக்கு மேல் இறங்குவதில்லை. கூடுதல் நேரம் விட்டால் இறைச்சி மெதுவாகும் என்று இரவு முழுதும் புளியில் போடுவது வீண்வேலை என்பேன். உள்ளே போவது உப்புத்தான். உப்பையும் தூள்களையும் முதல்நாள் இரவே பிரட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, புளியைச் சமைப்பதற்கு அரைமணி நேரத்துக்கு முன் விடலாம். பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ ஆகட்டும். அலுமினியத்தைப் புளி அரிக்கும்.

சூரை வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. வெயிலில் கிடந்த சூரையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமைனை உண்டாக்குகின்றன. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பில் தடிப்பு எழும்புவது அதனால். தேசிக்காய் அதை முறிக்காது, அடுப்பும் முறிக்காது. புளி விட்டபின் மணந்து பார்ப்பதில் பயனும் இல்லை. ஆகவே மணந்து பார்ப்பதைச் சந்தையிலேயே செய்து, ஐஸில் வைத்த மீனாகப் பார்த்து வாங்குங்கள்.