கடல் பார்க்கப் போன பிள்ளைகளும் கப்பல் ஏறிய பாட்டன்களும்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சுமார் 90 கிலோமீட்டர். பந்தல்குடி, எட்டயபுரம் வழியாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் திருச்சுழிப் பக்கத்துக் காலனிகளில், கடலை ஒருமுறைகூடப் பார்க்காமல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பள்ளியில் சுற்றுலா என்று அறிவிப்பு வரும். பணம் கட்ட முடியாதவர்கள் அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொள்வார்கள்.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் 22 பேரை இந்த ஆண்டு ஒரு வேனில் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனோம். டீசல் செலவை ஊரில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுச்சோறு வீட்டுக்கு வீடு தயாரானது.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர் கேட்டார்: "எங்கப்பா கூட்டிட்டுப் போறீக?"

"தூத்துக்குடிக்கு, அப்பத்தா."

"எங்க அய்யாவப் பெத்தவரு அங்கனதான் கப்பல் ஏறுனாராம். கண்டிச்சீமைக்கு. அப்ப எங்க அய்யாவுக்கு நாலு வயசு. போனவரு போனவருதான்."

அதுவரை எங்களுக்கு அது ஒரு நாள் சுற்றுலா. அந்த ஒரு பேச்சில் போகிற ஊருக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது.

காலையில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தோம். கரிசல் காடு முடிந்து தூத்துக்குடியை நெருங்கியதும் சாலையோரம் உப்பளங்கள் தொடங்கின. பிள்ளைகள் வெள்ளைக் குவியல்களைக் காட்டிக் கத்தினார்கள். வேனை நிறுத்தி இறங்கினோம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. பாத்தியை மிதித்து இறுக்கி, உப்புநீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, விளைந்ததை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். கண்ணைக் கூசும் வெள்ளையில் காலையிலிருந்து நிற்பவர்களில் பெண்கள் அதிகம், தலித் மக்கள் அதிகம். காலில் புண், கண்ணில் எரிச்சல், மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவல் இந்த மக்களைப் பற்றியதுதான். கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம்.

ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "அண்ணே, நம்ம ஊர்ல கரிமூட்டம் போடுற அம்மாமாரு கறுப்பா வருவாக. இவுக வெள்ளையா நிக்கிறாக. ரெண்டு பேருக்கும் கூலி ஒண்ணுதானா?" என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

நகருக்குள் பனிமய மாதா பேராலயத்தைப் பார்த்தோம். 1713-இல் எழுந்த கட்டடம். 1530-களில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பரதவ மக்களின் முத்துக்குளித்துறை வரலாறு அந்தக் கோவிலைச் சுற்றித்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 5-ஆம் தேதி திருவிழாவுக்கு ஊரே கூடும்.

பிறகு வ.உ.சி.யின் கதை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று, அதே ஆண்டு சிறைக்குப் போனவர். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு செய்தியை மட்டும் நான் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சொன்னேன். கண்பார்வையற்ற தலித் ஒருவரை, இராமையா தேசிகர் என்பவரை, வ.உ.சி. தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவர் மனைவி வள்ளியம்மை அவருக்குச் சோறு ஊட்டினார். ஊரார் ஏசியும் இருவரும் அசையவில்லை. இதைத் தன் சுயசரிதையில் வ.உ.சி.யே எழுதியிருக்கிறார். துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த வீட்டில் நடந்ததும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மதியத்துக்கு மேல் பழைய துறைமுகப் பக்கம் போனோம். பெரிய கப்பல்கள் இப்போது புதிய துறைமுகத்துக்குத்தான் வருகின்றன. அது 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகும் தோணிகள் நிற்கின்றன. இங்கே கரையோரம் ஆழம் குறைவு. அதனால் அந்தக் காலத்துக் கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலில் நிற்கும். பருத்தி மூட்டையும் படகில்தான் போனது, மனிதரும் படகில்தான் போனார்கள். நம் கரிசலில் விளைந்த பருத்தியும், அதைப் பறித்த கையும் ஒரே கரையிலிருந்து வெளியேறின.

தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், கூட்டம் கூட்டமாகத் தென்மாவட்ட மக்கள் இந்தத் துறை வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகும் போக்கு நிற்கவில்லை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் கடனாகக் கணக்கில் ஏறும். 1901 முதல் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அதுதான் பயணச்சீட்டு, அதுதான் விலாசம். பிளேக் பயத்தில், ஊருக்கு வெளியே தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிப் படகும் வந்தபின் பெரும்பாலோர் மண்டபம் வழியாகப் போகத் தொடங்கினார்கள்.

போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பண்ணையடிமையாகக் கிடந்தவனுக்குக் கப்பல் ஒரு வழியாகத் தெரிந்திருக்கும். அங்கேயும் சாதி விட்டுவிடவில்லை. லயத்தில்கூட சாதி பார்த்து வரிசை பிரித்தார்கள். அவர்கள் உழைப்பில் தேயிலை விளைந்தது. 1948-இல் குடியுரிமை பறிபோனது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று எழுதியது. பாட்டன் படகேறிப் போன தேசத்துக்குப் பேரன் அகதிபோலத் திரும்பி வந்தான். நீலகிரியிலும் வேறு ஊர்களிலும் இன்றும் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்க அவுகளுக்கு ஒரு கல்லு கூட இல்லயேண்ணே?" என்றான். கலங்கரை விளக்கம் தெரிகிறது, தலைவர்களின் சிலைகள் தெரிகின்றன, ரோச் பூங்கா இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் நடந்த இடமெங்கும், கப்பலேறிப் போன கூலி மக்களை நினைவூட்டும் ஒரு பலகையும் கண்ணில் படவில்லை.

மொரீசியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயியில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் ஏறிய கல்படிகளை இன்றும் பாதுகாக்கிறார்கள். ஆப்பிரவாசி காட் என்று பெயர். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வந்து இறங்கிய கரைக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. கிளம்பிப் போன கரைக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? பழைய துறைமுகத்தில் ஒரு நினைவுச் சின்னம், தட்டப்பாறையில் ஒரு தகவல் பலகை. அரசு இந்த இரண்டையும் செய்ய வேண்டும்.

சாயங்காலம் முத்துநகர் கடற்கரை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் அலையைப் பார்த்து ஓடினார்கள். ஏழாவது படிக்கும் ஒருத்தி மட்டும் ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். பயமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, இதுல யாரு வேணாலும் எறங்கலாமா?"

அவள் ஊரில் ஊருணிப் படித்துறை ஒரு பக்கம் மட்டும்தான் அவர்களுக்கு. எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தோடு வந்து கடல் முன்னால் நின்றாள்.

"எறங்கு தாயி, யாரும் கேக்க மாட்டாக" என்றேன். இறங்கினாள். இருட்டும்வரை கரைக்கு வரவில்லை.

திரும்பும்போது வேனில் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவரிடம் இரண்டு கேள்வி கேட்டு நோட்டில் எழுத வேண்டும். நம் குடும்பத்தில் கண்டிச்சீமைக்கோ ரங்கூனுக்கோ போனவர் யார்? அவர் பெயர் என்ன? இதுவரை 14 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் பெயர், திண்ணையில் இருந்த அப்பத்தாவின் தாத்தாவுடையது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுலா அறிவிக்கும்போது பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பட்டியலை முதலில் எடுங்கள். அவர்களுக்கு வழி செய்துவிட்டு மற்றவர்களிடம் பணம் கேளுங்கள். கிளம்பும் முன் பெரியவர்களின் நினைவைக் கேட்டுவிட்டுப் போங்கள். உப்பளத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழைய துறைமுகத்தில் நம் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்போது ஊருணிக்குப் போகும்போது அந்த இன்னொரு படித்துறையைப் பார்த்துக்கொண்டே வருகிறாளாம். அவள் அம்மா பயத்தோடு என்னிடம் சொன்னார். பயப்பட வேண்டியது அவளைப் பெற்றவர் அல்ல. அந்தப் படித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.