எஞ்சினுக்கு அளவு சொல்லும் மென்பொருள்

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எஞ்சினின் வேகமும் சுமையும் மாறினால் உட்செல்லும் காற்றும் மாறும். அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து தர வேண்டும். கூடினால் வீண், முழுச் சுமையில் குறைந்தால் பிஸ்டனே உருகக்கூடும்.

அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவரும் 2001இல் உருவாக்கிய 'மெகாஸ்குவர்ட்', ஆர்வலர்கள் தாமே பற்றவைத்து அமைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியாகும். அதன் நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு வேகத்திலும் அழுத்தத்திலும் சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்பதை அது சதவீதமாகக் கூறும். இவ்வெண்களைத் திருத்த உதவுவதே 'டியூனர்ஸ்டூடியோ' என்னும் கணிப்பொறி மென்பொருள்.

புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணர்கருவி, காற்று-பெட்ரோல் விகிதத்தை அறிவிக்கும். முழுச் சுமையில் வேண்டிய விகிதம் 12.5, கருவி காட்டுவது 13.75 என்று கொள்வோம். பெட்ரோலை 10 சதவீதம் கூட்ட வேண்டும். எனவே கட்டத்திலுள்ள 60 என்ற எண்ணை மென்பொருள் 66 ஆக்கும்.

ஆனால் உணர்கருவி அறிவது பெட்ரோலை அன்று, ஆக்சிஜனையே. தீப்பொறி தவறினால் பெட்ரோலும் ஆக்சிஜனும் எரியாமலே வெளியேறும். மென்பொருளோ, பெட்ரோல் போதவில்லை எனக் கொண்டு மேலும் கூட்டும்! குழாயில் கசிவு இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே தவறு நேரும். ஆகவே இவ்விரண்டையும் சோதித்த பின்னரே அட்டவணையைத் திருத்தத் தொடங்க வேண்டும்.