பிரதமர் உரையும் பள்ளி மாணவர்களும்: ஊக்கத்துக்கு அளவுகோல் எது?

புது தில்லி: ஆசிரியர் தினமான 2014 செப்டம்பர் 5-ஆம் தேதி, தில்லி மானெக்‌ஷா அரங்கிலிருந்து பிரதமர் நரேந்திர மோடி நாடு முழுவதும் உள்ள பள்ளி மாணவர்களிடம் உரையாற்றினார். பிரதமராவது எப்படி என்று மாணவர் ஒருவர் கேட்டதற்கு, 2024 தேர்தலுக்குத் தயாராகுமாறு நகைச்சுவையாகப் பதிலளித்தார்.

உரைக்கு முன்பே சர்ச்சை கிளம்பியிருந்தது. ஆசிரியர் தினக் கட்டுரைப் போட்டிக்கு 'குரு உத்சவ்' எனப் பெயரிட்டதற்கு, அப்போதைய திமுக தலைவர் கருணாநிதியும் மதிமுக பொதுச் செயலர் வைகோவும் கண்டனம் தெரிவித்தனர். உரையைக் கேட்பது கட்டாயமல்ல என்று அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி விளக்கமளித்தார். இருமொழிக் கொள்கையில் பயிலும் தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தி உரை எந்த அளவுக்குப் புரியும் என்பது தனிக் கேள்வி.

அமெரிக்காவில் 2009-இல் அதிபர் ஒபாமா மாணவர்களிடையே பேசியபோதும் எதிர்ப்பு எழுந்தது.

தேர்வு அச்சத்தைப் போக்கும் நோக்குடன், 'பரீக்ஷா பே சர்ச்சா' என்ற கலந்துரையாடலை 2018 பிப்ரவரியில் தில்லி தால்கடோரா அரங்கில் பிரதமர் தொடங்கினார். 2025 நிகழ்ச்சிக்கு ஒரே மாதத்தில் 3.53 கோடி பேர் பதிவு செய்தது கின்னஸ் சாதனையானது. ஆனால், உரை எத்தனை பேரை எட்டியது என்பதைத்தான் இந்த எண்ணிக்கை காட்டும். எத்தனை பேருக்குத் துணிவு தந்தது என்பதைக் காட்டாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, தற்கொலை செய்துகொண்ட மாணவர்களின் எண்ணிக்கை 2018-இல் 10,159, 2022-இல் 13,044. இதில் கல்லூரி மாணவர்களும் அடங்குவர், காரணங்களும் பல. இதை வைத்து உரையைக் குறை கூற முடியாது. உரை மட்டுமே போதும் என்று கூறவும் இயலாது.

உரையைத் தொடரும் செயலை அளக்க முடியும். பள்ளிகளில் மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறை அமைக்கப்படும் என்று 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் உறுதியளித்தார். ஓராண்டில் 4.17 லட்சம் கழிப்பறைகள் அமைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பொதுத் துறை நிறுவனங்கள் கட்டியவற்றில் 2,695-ஐ நேரில் ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அவற்றில் 200 கட்டப்படவே இல்லை என்றும், கட்டப்பட்டவற்றில் 72 சதவீதத்தில் குழாய்த் தண்ணீர் வசதி இல்லை என்றும் 2020-இல் நாடாளுமன்றத்தில் தாக்கலான அறிக்கையில் சுட்டிக்காட்டினார்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தலைவர்கள் ஊட்டும் ஊக்கம் நிலைக்குமா என்பதை, இத்தகைய ஏற்பாடுகள் பள்ளிகளைச் சென்றடையும் வேகமே தீர்மானிக்கும்.