சீனி வியாதி: கால்களைக் கவனியுங்கள்!

அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், ஓயாத களைப்பு. ஹட்டன், நுவரெலியா மலைகளில் கொழுந்து பறிப்பவர் இதை வேலைக் களைப்பென்றே எண்ணிவிடுவார். நீரிழிவு அப்படித்தான் ஒளிந்திருக்கும். 2005-06இல் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வில், நீரிழிவு இருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அதை அறியாமலேயே இருந்தனர்.

“உழைக்கும் உடம்புக்குமா இது வரும்?” என்று கேட்கிறீர்களா? வரும். சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதபோது, சீனி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. பரம்பரையும் வயதும் இதற்குக் காரணமாகின்றன. நம் உணவும் துணைபோகிறது: வேளைதோறும் கோதுமை மா ரொட்டி, தேநீரில் இரண்டு தேக்கரண்டி சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் சீனி மட்டும் ஏறத்தாழ 40 கிராம்!

நாளடைவில் பாதம் மரத்துப்போகும். அட்டை கடித்தாலும் கல் குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல், காலையே எடுக்க நேரலாம்.

ஆகவே, ரொட்டியைக் குறைத்துக் கீரையும் பருப்பும் சேருங்கள். சீனியில்லாத் தேநீருக்குப் பழகுங்கள். இரவுதோறும் பாதங்களைக் கழுவி, ஈரம் துடைத்து, விரலிடுக்குவரை பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயது 35ஐத் தாண்டிவிட்டதா? அரச வைத்தியசாலையில் வெறும் வயிற்றில் இரத்தம் சோதியுங்கள். 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மருத்துவரைக் காணத் தாமதிக்காதீர்கள்.